சிங்கப்பூர் ஆறும் சூலியா படகோட்டிகளும்

சிங்கப்பூருக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் நம் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் தவறாமல் கண்டுவரும் இடங்களுள் சிங்கப்பூர் ஆற்றங்கரையும் ஒன்றாகும். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளமே உள்ள சிற்றாறு அது. இரு கரைகளிலும் கற்சுவர்; சுவரையொட்டி நடைபாதை; நடைபாதையை அடுத்து வண்ணம் தீட்டிய பழைய கடைவீடுகள்; அவற்றின் பின்னால் வானளாவும் வங்கிக் கட்டடங்கள். நீரில் குப்பையில்லை, காற்றில் நாற்றமில்லை. முன்னொரு காலத்தில் இவ்வாறு சாக்கடைபோல் கிடந்தது என்றும், பத்தாண்டு முயற்சியில் தூய்மை பெற்றது என்றும் வழிகாட்டிகள் கூறுவர். மாணவர்களும் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர்.

அவர்கள் கூறுவது முற்றிலும் உண்மையே. ஆயினும், அழுக்கு எவ்வாறு அகன்றது என்பது மட்டுமே ஓர் ஆற்றின் வரலாறாகிவிடாது. அவ்வழுக்கு எந்தத் தொழிலால் வந்தது, அத்தொழிலைச் செய்தவர் யாவர், அவர்கள் எங்குச் சென்றனர் என்பனவும் வரலாற்றுக்கு உரியனவே. அங்ஙனம் வினவத் தொடங்கினால், அந்த ஆற்றில் முதன்முதலில் சரக்குப் படகு செலுத்தியவருள் பெரும்பாலோர் நம் மொழி பேசியவர் என்னும் செய்தி வெளிப்படும். அச்செய்தியைச் சுற்றுலாப் பயணிகளும் அறியார். நம் மாணவர்களும் அறியார். ஆசிரியர்களுள்ளும் அறிந்தவர் சிலரே எனலாம்.

ஸ்டாம்போர்டு ராஃபிள்ஸ் 1819ஆம் ஆண்டு சனவரி 29ஆம் நாள் இவ்வாற்றின் முகத்துவாரத்தில் கரையேறினார். அப்போது அது ஆளற்ற இடமாக இருக்கவில்லை. தெமெங்கோங் அப்துல் ரகுமானின் சிற்றூர் கரையில் இருந்தது. ஓராங் லாவுட் எனப்படும் கடல்மக்கள் படகுகளையே வீடாகக் கொண்டு நீரின்மேல் வாழ்ந்தனர். பிப்ரவரி 6ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாகியது. வணிகநிலையம் விரைந்து வளரவே, ஆற்றின் தென்கரையில் இருந்த சதுப்பு நிலம் தேவைப்பட்டது. 1822ஆம் ஆண்டில், இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் என வழங்கும் இடத்தில் இருந்த குன்றினை வெட்டி, அம்மண்ணைக் கொண்டு சதுப்பினைத் தூர்த்தனர். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் கூடி அவ்வேலையைச் செய்தனர். அங்ஙனம் உருவான வளைந்த கரையே படகுத்துறை, அதாவது போட் கீ ஆயிற்று. கெண்டை மீனின் வயிற்றைப் போன்ற அவ்வளைவு செல்வத்தைத் தரும் எனச் சீன வணிகர் நம்பினர்.

படகுத்துறை தோன்றிய உடனே தெமெங்கோங்கின் ஊர் அங்கிருந்து அகற்றப்பட்டது. 1823ஆம் ஆண்டில் அவருக்குத் தெலுக் பிளாங்காவில் இடம் ஒதுக்கப்பட்டது. கடல்மக்களும் காலப்போக்கில் ஆற்றைவிட்டு விலகினர். நகரின் நன்மைக்காக ஆற்றங்கரையைச் சீர்செய்து, அங்கிருந்தோரை வேறிடத்திற்கு அனுப்பும் வழக்கம் 1977ஆம் ஆண்டில் தொடங்கியதெனக் கருதுவோர் இதனை நினைவில் கொள்ளுதல் நன்று. அவ்வழக்கம் நகரம் தோன்றிய காலந்தொட்டே வருவதாகும்.

இன்னொரு செய்தியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. ஆற்று முகத்துவாரத்தில் எவராலும் படிக்க இயலாத எழுத்துகள் பொறித்த பெரும்பாறை ஒன்று இருந்தது. கோட்டையை விரிவாக்க 1843ஆம் ஆண்டில் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டு ஒன்று சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அவ்வெழுத்து இன்றுவரை முழுமையாகப் படிக்கப்படவில்லை. அப்பாறை தகர்க்கப்பட்டதை எண்ணி வருந்தி எழுதியவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்து, அரபுக் குருதியும் தமிழ்க் குருதியும் கலந்த குடும்பத்தில் வளர்ந்து, தமிழும் கற்ற அப்பெருமகனாரின் தன்வரலாறு 1849ஆம் ஆண்டில் அச்சேறியது. ஒரு நகரம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது எதனை இழக்கிறது என்று எழுத்தில் கேட்ட முதல்வர் அவரே என்பது என் கருத்து. மலாய் இலக்கிய வகுப்பில் அவரைப் பயிலும் நம் மாணவர்கள் இப்பகுதியையும் பயின்றால் நலம்.

இனி, படகுத் தொழிலுக்கு வருவோம்.

பெருங்கப்பல்கள் ஆற்றுக்குள் நுழைய இயலா. அவை வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கப்பலிலிருந்து சரக்கினை இறக்கி ஆற்றங்கரைக் கிடங்குகளுக்குக் கொண்டுவரவும், கிடங்குகளிலிருந்து மீண்டும் கப்பலுக்கு ஏற்றவும் தட்டையான, வயிறு அகன்ற படகுகள் வேண்டும். அவற்றையே தொங்கான் என்றனர். சீனர் பிற்காலத்தில் அமைத்த வகைக்குத் துவாக்கோ என்று பெயர். தீங்கினைக் கண்டு விலகிச் செல்வதற்காக அப்படகுகளின் முகப்பில் இரு கண்கள் வரையப்பட்டன. ஓதம் ஏறும்போது படகு உள்ளே வரும்; இறங்கும்போது வெளியேறும். சரக்கினைக் கரையேற்றுவது கூலியாட்களின் வேலை. படகுக்கும் கரைக்கும் இடையே ஒரு பலகை. அப்பலகைமேல் முதுகில் மூட்டையோடு நடந்து கிடங்கில் சேர்ப்பர். 1860களில் சிங்கப்பூரின் கப்பல் வணிகத்தில் நான்கில் மூன்று பங்கு இப்படகுத்துறையிலேயே நடைபெற்றது என்பர்.

கிடங்கு என்ற சொல்லையும் சற்று நோக்குதல் வேண்டும். இக்கிடங்குகளை ஆங்கிலேயர் ‘கோடவுன்’ என்றனர். மலாய் மொழியில் ‘குடாங்’. இவ்விரண்டிற்கும் மூலம் தென்னிந்திய மொழிகளில் வழங்கும் கிடங்கு, கிட்டங்கி என்னும் சொற்களே என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கூலி என்பதும் அவ்வாறே நம் மொழியிலிருந்து சென்றதாகப் பலர் கொள்வர். சொற்கள் தனியே பயணம் செய்வதில்லை. சரக்கோடும் ஆளோடும் சேர்ந்தே செல்கின்றன.

அந்த ஆட்கள் யாவர்? பதிவுகளில் அவர்கள் சூலியா எனக் குறிக்கப்பட்டனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முசுலிம்கள் அவர்கள். சோழியர் என்பதன் திரிபே சூலியா என்பாரும் உளர். நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் முதலிய துறைமுகங்களுக்கும் பினாங்கு, மலாக்கா, கெடா ஆகிய இடங்களுக்கும் இடையே நெடுங்காலமாகக் கடல்வணிகம் செய்த மரபினர். பினாங்கில் லெபோ சூலியா என்னும் தெரு இருப்பதை நாமறிவோம். சிங்கப்பூரில் வணிகம் பெருகவே, பினாங்கிலிருந்தும் நேரே தமிழகத்திலிருந்தும் பலர் அங்குச் சென்றனர். நகரமைப்புக்கென லெப்டினன்ட் ஜாக்சன் வரைந்த வரைபடத்தில் ஆற்றின் மேற்பகுதியை ஒட்டிச் ‘சூலியா கம்போங்’ எனத் தனியிடம் குறிக்கப்பட்டுள்ளது. அவர்களுள் சிலர் வணிகர். சிலர் காசு மாற்றுவோர். பலர் படகோட்டிகளும் சுமைகூலிகளும் ஆவர்.

ஏறத்தாழப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை சரக்குப் படகுத் தொழிலில் சூலியா படகோட்டிகளே முதன்மை பெற்றிருந்தனர். படகின் தலைவனைத் தண்டல் என்பது கடலோரத் தமிழ். அச்சொல் ஆங்கில எழுத்திலும் ஏறிற்று. பின்னர் அது சிறைக்கைதிகளின் மேற்பார்வையாளருக்கும் உரிய பட்டமாகியது. சூலியாக்கள் தம் தொழிலிடத்திற்கு அருகிலேயே வழிபாட்டிடங்களை எழுப்பினர். தென்பாலச் சாலையில் உள்ள ஜாமியா பள்ளிவாசல் 1826ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. சூலியா பள்ளிவாசல் என்றும் அதனை அழைப்பர். தெலோக் ஆயர் தெருவில் உள்ள நாகூர் தர்கா 1828ஆம் ஆண்டு முதல் 1830ஆம் ஆண்டு வரை கட்டப்பட்டது. அக்காலத்தில் அத்தெரு கடற்கரையாக இருந்தது. நெடிய கடற்பயணம் முடித்துக் கரையேறியவன் முதலில் நன்றி செலுத்திய இடம் அது. கடல் தூர்க்கப்பட்டுவிட்டதால், இன்று அதன் வாயிலில் நிற்பவர்க்குக் கட்டடங்களே தெரிகின்றன.

ஆற்றையொட்டிய தெரு ஒன்று சூலியா தெரு எனப்படுகிறது. இப்பெயர் பழைமையானதென்று பலரும் எண்ணுவர். முன்பு அதன் பெயர் கிளிங் தெரு. கலிங்கம் என்ற சொல்லினின்று வந்ததாகக் கூறப்படும் அச்சொல், தொடக்கத்தில் இழிவுப் பொருள் உடையதன்று. காலப்போக்கில் அஃது ஏளனச் சொல்லாக மாறியது. இந்தியச் சமூகத்தினர் மறுப்புத் தெரிவிக்கவே, 1920களின் தொடக்கத்தில் தெருவுக்குச் சூலியா தெரு எனப் பெயர் மாற்றினர். ஒரு சமூகம் தன் பெயரைத் தானே மீட்டெடுத்த நிகழ்ச்சி இது. அக்காலத்தில் படகுத் தொழிலில் சூலியாக்களின் முதன்மை முடிந்து நெடுநாளாகியிருந்தது என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். அதன் அருகிலேயே வட கால்வாய்ச் சாலை, தென் கால்வாய்ச் சாலை என்னும் பெயர்களும் உள்ளன. கால்வாய்தான் காணப்படவில்லை.

சூலியா படகோட்டிகள் அத்தொழிலை எவ்வாறு இழந்தனர்? எவரும் அவர்களைச் சட்டமிட்டு விரட்டவில்லை. ஆற்றங்கரைக் கிடங்குகளின் உரிமை படிப்படியாகச் சீன வணிகரிடம் குவிந்தது. சரக்குக்கு உரியவர் தம் ஊராரையும் தம் கிளைமொழி பேசுவோரையுமே படகு வேலைக்கும் அமர்த்தினர். ஹொக்கியன் மக்களும் தியோச்சூ மக்களும் படகுகளுக்கு உரிமையாளராயினர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆறு அவர்கள் கைக்கு மாறிவிட்டது. மூலதனமும் உறவும் எங்கு ஒன்றுபடுகின்றனவோ அங்குத் தொழில் நிலைக்கும். கைத்திறன் ஒன்றையே நம்பியவன் நிலைப்பது அரிது. நம்மவர் துறைமுகம் வேறிடம் பெயர்ந்தபோது அங்குச் சென்று சுமைதூக்கினர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் பின்னாளில் மிகுதியாகக் காணப்பட்ட இந்தியத் தொழிலாளரை நோக்கும்போது இத்தொடர்ச்சி புலப்படும்.

எனினும், ஆற்றங்கரையில் மூலதனத்தோடு வந்த தமிழரும் இருந்தனர். அவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். மார்க்கெட் தெருவிலும் சூலியா தெருவிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. ஒரே நீண்ட கூடத்தில் பல தொழிலகங்கள் இயங்கும். தரையில் சம்மணமிட்டு அமர்ந்த செட்டியார், அவர்முன் ஒரு சாய்வு மேசை, பக்கத்தில் பணப்பெட்டி. பகலில் அதுவே வங்கி. இரவில் அதுவே உறைவிடம். சீன வணிகரும் மலாய் நிலவுடைமையாளரும் ஐரோப்பியரும் அங்குக் கடன் பெற்றனர். அவர்கள் 1859ஆம் ஆண்டில் டேங்க் சாலையில் எழுப்பிய தெண்டாயுதபாணி திருக்கோயில் இன்றும் தைப்பூசக் காவடிகள் வந்து சேரும் இடமாகும். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளோ நகர மறுசீரமைப்பில் மறைந்தன. அவ்விடத்தில் உயர்ந்த மாடிகள் எழுந்துள்ளன. செட்டியாரின் வங்கி இருந்த இடத்தில் பன்னாட்டு வங்கிகள் உள்ளன என்பதைத் தற்செயல் எனக் கொள்ளலாமோ, அறியேன்.

மூன்றாவதாக ஒரு சாரார் உளர். அவர்கள் விரும்பி வந்தவர் அல்லர். 1825ஆம் ஆண்டு முதல் 1873ஆம் ஆண்டு வரை இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூரில் சாலையும் கட்டடமும் பாலமும் அமைத்தனர். ஆற்றின் குறுக்கே 1869ஆம் ஆண்டில் அமைந்த கேவனா பாலத்தின் இரும்புறுப்புகள் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தன. அவற்றைப் பொருத்தி நிறுவியதே இந்தியக் கைதிகளின் கடைசிப் பெரும்பணி எனப்படுகிறது. அப்பாலம் தாழ்வாக அமைந்துவிட்டது. ஓதம் ஏறி நிற்கும் வேளையில் படகுகள் அதன்கீழ் நுழைய இயலாமல் நீர் வடியும்வரை காத்துக் கிடந்தன. மேலே வண்டிகளும் பெருகவே, அருகில் ஆண்டர்சன் பாலத்தை 1910ஆம் ஆண்டில் கட்டவேண்டியதாயிற்று. பழைய பாலத்தை இடிக்காது நடப்போருக்கென விட்டனர். அதனால் அது இன்றும் நிலைத்துள்ளது.

கேவனா பாலம் எழுந்த அதே 1869ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நீராவிக் கப்பல்கள் பெருகின. 1864ஆம் ஆண்டில் தோன்றிய தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் ஆழ்நீர்த் துறைமுகத்தை வளர்த்தது. அத்துடன் ஆற்றின் கதை முடிந்திருக்கவேண்டும்; ஆனால் முடியவில்லை. அரிசி, கொப்பரை, மிளகு, சவ்வரிசி, இரப்பர் ஆகியவை ஆற்றங்கரைக் கிடங்குகளில் தொடர்ந்து குவிந்தன. நம் பாட்டனும் பாட்டியும் மலாயாத் தோட்டங்களில் பால்வெட்டி, உறைய வைத்து, உருளையிலிட்டு அழுத்திய இரப்பர்த் தகடுகளுள் ஒரு பகுதி இங்குதான் அடுக்கப்பட்டது, இங்கிருந்தே கப்பலேறியது. ஆகவே இவ்வாறு மலேசியத் தமிழர்க்கும் அயலானதன்று.

ஆற்றின் மேற்பகுதியில் மர அறுவை ஆலைகளும் படகு கட்டும் பட்டறைகளும் தோன்றின. போருக்குப்பின் மக்கள்தொகை பெருகிற்று. வீடின்றித் தவித்தோர் கரைகளில் பலகைக் குடிசைகள் அமைத்தனர். கழிவுநீர்க் குழாய் அவற்றுக்கு இல்லை. கரையோர அங்காடிக்காரர் எச்சிலையும் எண்ணெயையும் ஆற்றிலேயே கொட்டினர். காய்கறி மொத்த வணிகர் அழுகியவற்றை அதில் வீசினர். பட்டறைகளின் எண்ணெய்க் கழிவும் பன்றிப் பண்ணைகளின் கழிவும் வந்து சேர்ந்தன. ஓதம் இக்கழிவுகளைக் கடலுக்குக் கொண்டுசென்று, மறுபடியும் உள்ளே கொண்டுவந்து விட்டது. அடியில் படிந்த சேறு காற்றின்றி அழுகி, முட்டை அழுகிய நாற்றத்தை எழுப்பியது. நீர் வற்றும் நேரத்தில் மூக்கைப் பொத்தாமல் எவரும் பாலத்தைக் கடந்ததில்லை என்று முதியோர் கூறுவர். பழமையைப் போற்றும் ஆர்வத்தில் இந்நாற்றத்தை நாம் மறத்தல் கூடாது. அச்சேற்றின் அருகே குழந்தைகளை வளர்த்தவர்க்கு ஆறு கவிதைப் பொருளாக இருந்திருக்காது.

1977ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்புவிழாவில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன்பிடிக்கும் நிலை வரவேண்டும் என்று இலக்கு வைத்தார். 1972ஆம் ஆண்டில் தனியாக அமைக்கப்பட்டிருந்த சுற்றுச்சூழல் அமைச்சு அப்பணியை ஏற்றது. அதன் நிரந்தரச் செயலாளர் லீ எக் டியெங் தலைமையில் திட்டம் வகுக்கப்பட்டது. இவ்விரு நீர்ப்படுகைகளும் தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதிக்கு வடிகாலாக இருந்தன. ஆகவே, ஆற்றை மட்டும் அலசிப் பயனில்லை. ஆற்றுக்கு வரும் ஒவ்வோர் அழுக்கையும் அது பிறக்கும் இடத்திலேயே நிறுத்தவேண்டும். இதனை உணர்ந்து தொடங்கியதே அத்திட்டத்தின் சிறப்பு என்பேன். நம் நாட்டு ஆறுகளைத் தூய்மை செய்வோர் கரையை அழகுசெய்வதில் தொடங்குவதைக் காணும்போது இவ்வேறுபாடு தெளிவாகும்.

பணியின் அளவைச் சில எண்கள் காட்டும். ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர அங்காடிக்காரர் குழாய்நீரும் வடிகாலும் உடைய உணவங்காடி நிலையங்களில் அமர்த்தப்பட்டனர். 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் அகற்றப்பட்டன. குடிசைத் தொழில்கள் தொழிற்பேட்டைகளுக்குச் சென்றன. காய்கறி மொத்த வணிகம் பாசிர் பாஞ்சாங்கிற்கு மாறியது. ஆற்றடிச் சேற்றை அள்ளினர், கரைச்சுவர்களைப் புதுப்பித்தனர். இழப்பீட்டுத் தொகை நீங்கலாகச் செலவு 17 கோடி சிங்கப்பூர் வெள்ளி. பத்தாண்டுத் தவணை தவறாமல், 1987ஆம் ஆண்டு செப்டம்பரில் பணி நிறைவு விழா நடைபெற்றது. மீன்களும் திரும்பி வந்தன. இத்தகைய முயற்சிகள் அறிவிப்போடு நின்றுவிடுவதைப் பலமுறை கண்ட நமக்கு இது வியப்பளிப்பதே.

எண்ணூறு அளவிலான சரக்குப் படகுகள் 1983ஆம் ஆண்டில் ஆற்றைவிட்டுப் பாசிர் பாஞ்சாங் கடற்கரைக்கு மாற்றப்பட்டன. நூற்று அறுபது ஆண்டுகளாக நடந்த போக்குவரத்து அத்துடன் நின்றது. ஆற்றின் அடங்கிய நீரில் பழகிய படகுகளுக்கு அங்குள்ள அலை ஒத்துவரவில்லை என்னும் முறையீடு எழுந்தது. முதுமை எய்தியிருந்த படகோட்டிகள் பலர் தொழிலை விட்டனர். அவர்தம் மக்கள் அத்தொழிலுக்கு வரவில்லை, வரவும் விரும்பவில்லை.

இங்கு ஓர் ஒப்பீடு பயன்தரும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் 1761ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் நிலக்கரியையும் பஞ்சையும் சுமந்து அந்நகரைத் தொழில் நகராக்கியது. இருப்புப்பாதையும் பின்னர்ச் சரக்குந்தும் வந்தபின் அக்கால்வாயின் தொழில் தேய்ந்தது. கிடங்குகள் பாழடைந்தன. 1980களில் காசில்ஃபீல்டு என்னும் அக்கால்வாய்ப் பகுதியை மீட்டு மரபுப் பூங்காவாக்கினர். அங்கு மீட்பு வந்தபோது தொழில் முன்னரே மடிந்திருந்தது. சிங்கப்பூரிலோ, அகற்றப்பட்ட அன்றுவரை படகுகள் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தன. தொழிலை அகற்றியபின்னரே மீட்பு நிகழ்ந்தது. இவ்விரண்டும் ஒன்றல்ல.

ஆயினும், தூய்மைத் திட்டமே படகுத் தொழிலைக் கொன்றது என எழுதுவாரோடு நான் உடன்படேன். தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் 1972ஆம் ஆண்டிலேயே செயற்படத் தொடங்கிவிட்டது. மூட்டை மூட்டையாகப் படகில் இறக்கிய சரக்கு, இரும்புப் பெட்டியில் அடைபட்டு, பாரந்தூக்கியால் நேரே சரக்குந்தின்மேல் இறங்கியது. அதன்பின் படகுக்கும் கிடங்குக்கும் சுமைகூலிக்கும் வேலையில்லை. 1983ஆம் ஆண்டில் ஆற்றிலிருந்து வெளியேறிய தொழில் ஏற்கெனவே முதுமையுற்ற தொழில். திட்டம் அதன் முடிவை விரைவுபடுத்தியது என்று கூறுவதே நேர்மையாகும்.

படகுகள் சென்றபின் கரை வெறிச்சோடியது. கடைவீடுகளை இடித்துத் தள்ளியிருக்கலாம். நல்வாய்ப்பாக அவ்வாறு செய்யவில்லை. நகர மறுசீரமைப்பு ஆணையம் 1989ஆம் ஆண்டில் படகுத்துறையையும் கிளார்க் துறையையும் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவித்தது. முகப்பும் கூரையும் மாடிச் சாளரங்களும் பழைய வடிவில் காக்கப்பட்டன. உள்ளே உணவகங்களும் மதுக்கூடங்களும் வந்தன. கிளார்க் துறையின் கிடங்குகள் 1993ஆம் ஆண்டில் கேளிக்கை வளாகமாகத் திறக்கப்பட்டன. 1928ஆம் ஆண்டில் எழுந்து, தலைமை அஞ்சலகமாக விளங்கிய ஃபுல்லர்ட்டன் கட்டடம் 2001ஆம் ஆண்டில் விடுதியாயிற்று. தொங்கான் வடிவப் படகுகள் பயணிகளை ஏற்றிக்கொண்டு உலா வருகின்றன. அவற்றின் முகப்பில் கண்கள் இன்னும் உள்ளன.

2008ஆம் ஆண்டில் மரினா அணைக்கட்டுத் திறக்கப்பட்டதால் ஓதம் ஆற்றுக்குள் வருவது நின்றது. உப்பு நீங்கி, 2010ஆம் ஆண்டில் ஆறு நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகியது. மூக்கைப் பொத்திக் கடந்த நீரை இன்று தூய்மைசெய்து பருகுகின்றனர். பொறியியல் வகையில் இதற்கு ஈடான வெற்றிகள் மிகச் சிலவே. படகின் போக்கையும் கூலியாளின் வேலைநேரத்தையும் வகுத்த ஓதம் மட்டும் அங்கு இல்லை.

கரையோரம் வெண்கலச் சிலைகள் பலவற்றை நிறுவியுள்ளனர். ஆற்றில் குதிக்கும் சிறுவர், வணிகர், சுமைகூலிகள் எனப் பழைய வாழ்வைக் காட்டும் சிலைகள் அவை. அவற்றுள் ஒன்று செட்டியாரைக் காட்டுகிறது. தாழ்ந்த மேசைமுன் அவர் அமர்ந்திருக்க, அருகில் இக்கால நிதியாளர் நிற்கின்றனர். நகரத்தாரின் பங்கு மறக்கப்படவில்லை என்பதில் மகிழ்ச்சியே. கணக்கு எழுதியவர்க்கு நினைவும் எளிதில் வாய்க்கிறது போலும். ஏடும் பத்திரமும் கோயிலும் அறக்கட்டளையும் அவர்கள் பெயரைக் காத்தன. படகு செலுத்தியவன் ஏடு எழுதவில்லை.

அவனைத் தேட நமக்குள்ள சான்றுகள் குறைவு. ஆனால் இல்லாமற் போகவில்லை. ஜாக்சனின் வரைபடம் உள்ளது. பள்ளிவாசலும் தர்காவும் உள்ளன. சூலியா தெரு உள்ளது. 1887ஆம் ஆண்டு முதல் 1890ஆம் ஆண்டு வரை சிங்கப்பூரில் வெளிவந்த ‘சிங்கை நேசன்’ வார இதழின் ஏடுகள் காக்கப்பட்டுள்ளன. தமிழ் முசுலிம் ஒருவரே அதனை நடத்தினார். அதன் பக்கங்களில் அக்காலத் தமிழர் வாழ்வு சிதறிக் கிடக்கிறது. மேல்நிலை மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சி தரும் ஆசிரியர்கள், பொதுத் தலைப்புகளையே திரும்பத் திரும்ப அளிப்பதைவிட, இவ்விதழின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொடுத்து, இதில் வரும் ஊர்களையும் தொழில்களையும் பட்டியலிட்டு எழுதுக எனலாம். நம் நாட்டில் கிள்ளானிலும் மலாக்காவிலும் தெலுக் இந்தானிலும் ஆற்றங்கரைத் தெருப்பெயர்களை இவ்வாறே ஆராயலாம். கோலாலம்பூரில் கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கூடும் இடத்தில் அண்மைக் காலத்தில் நடைபாதையும் விளக்குகளும் அமைத்துள்ளனர். அக்கரையில் முன்பு யார் என்ன வேலை செய்தனர் என்று கேட்டறிய முதியோர் சிலர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.

சிங்கப்பூரில் அவ்வாறு கேட்டறியும் முயற்சி உரிய வேளையில் தொடங்கியது. ஆற்றுத் தூய்மைப் பணி நடந்துகொண்டிருந்த 1979ஆம் ஆண்டிலேயே வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஒன்றை அரசு அமைத்தது. மறைந்துவரும் தொழில்களைச் செய்தோர் பலருடைய குரல்கள் ஒலிநாடாவில் பதிவாயின. ஆற்றை இழந்த சீனப் படகோட்டியின் தலைமுறையைத் தேடிச்சென்று கேட்க அப்போது வழியிருந்தது. சூலியா படகோட்டி அந்த ஆற்றை விட்டுச் சென்றதோ அதற்கு முந்நான்கு தலைமுறைகளுக்கு முன்னர்.